சின்னமுத்து பரவிய காலம்

கண்டியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வாட்டில் தமிழ் தெரிந்த தாதி நான் ஒருத்திதான். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து, நியமனம் கிடைத்ததால் மலைநாட்டுக்கு வந்தவள். சிங்களத்தை வாட்டில்தான் கற்றுக்கொண்டேன். தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தால், நான் எந்தக் கட்டிலடியில் நின்றாலும் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். மருந்தை எத்தனை வேளை கொடுக்க வேண்டும், எதைச் சாப்பிடக் கொடுக்கக் கூடாது என்பதையெல்லாம் சொல்வது சுலபம். வேறு செய்திகளும் இருந்தன. அவற்றைப் பெரிய டாக்டர் மெல்லிய குரலில் சிங்களத்தில் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். தமிழில் அந்தச் சொற்கள் என் வாயிலிருந்துதான் வர வேண்டும். தாயின் முகம் மாறும்போது எதிரே நிற்பவள் நான்தான்.

அது வடக்கில் போர் நடந்த காலம். என் அப்பாவும் அம்மாவும் அங்கே இருந்தார்கள். கண்டியிலும் நிம்மதி இல்லை. சிங்கள இளைஞர்களின் வேறொரு கிளர்ச்சி தொடங்கியிருந்தது. யார் ஒட்டியது என்று தெரியாத நோட்டீஸ் ஒன்று சுவரில் தெரிந்தால் கடைகள் பூட்டும், பஸ் நிற்கும். அதற்கு மேல் அரசாங்கம் ஊரடங்குச் சட்டம் போடும். பேராதனைப் பாலத்தால் வேலைக்கு வருகிறவர்கள், பிணங்கள் மிதந்து போன ஆற்றைப் பார்க்காமல் நடந்து வந்தார்கள். எங்கள் வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர், தமிழருக்கு எதிரான முந்திய கலவரத்தின்போது என்னைத் தன் குண்டசாலை வீட்டில் வைத்திருந்து காப்பாற்றிய சிங்களப் பெண். அவர் தினமும் காலையில் எங்களை எண்ணிப் பார்ப்பார். யாராவது வரத் தாமதித்தால் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் பன்விலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அந்தப் பிள்ளை மறுபடியும் எங்களிடம் வந்தாள். ஏழு வயது. முதல் தடவை உடம்பெல்லாம் கன்றிப்போன தடங்களோடு வந்தவள். இரத்தப் பரிசோதனை செய்து, இரத்தப் புற்றுநோய் என்று கண்டு, கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு நாங்களே அனுப்பியிருந்தோம். தகப்பன் மாதாமாதம் ரயிலில் அவளைக் கொண்டு போய் வந்தார். கலவரத்தில், குடியிருந்த லயத்து வரிசை வீடு எரிந்துபோன குடும்பம் அது. எரியாத ஒரு தோட்டத்தைத் தேடிப் பன்விலைக்கு வந்தவர்கள்.

"ரயில்ல ஏறுனா என்னய அப்பான்னு கூப்புடாத, தாத்தேன்னு கூப்புடுன்னு சொல்லி வச்சிருந்தேன் மிஸ்ஸி," என்று அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார். "இது சொன்ன மாதிரியே செஞ்சிச்சு. ஒரு வார்த்த தமிழ்ல பேசாது. அம்புட்டு தூரமும் வாய மூடிக்கிட்டே வரும்."

தகப்பனைச் சிங்களத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைக்குத் தெரிந்த சிங்களம் அந்த ஒரு சொல்தான் என்று அவர் நினைத்திருந்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

கொட்டிய முடி மறுபடி குட்டையாக வளர்ந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு நோய் திரும்பி வந்தது. இம்முறை கொழும்பில் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி, எங்கள் வாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். திருப்பி அனுப்பினார்கள் என்று மட்டும்தான் தாய் தகப்பனுக்குத் தெரியும். ஏன் என்பதை அங்கே யாரும் அவர்களுக்கு விளங்கும்படி சொல்லவில்லை. வீட்டுக்குக் கிட்ட இருக்கட்டும் என்றுதான் அனுப்பியிருக்கிறார்கள் என்று தாய் நம்பினாள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, பிள்ளையோடேயே இருந்தாள்.

பிறகு சின்னமுத்து பரவத் தொடங்கியது. நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்றார்கள், பிறகு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் என்றார்கள், கொஞ்ச நாளில் எல்லாப் பக்கமும் என்றார்கள். தட்டம்மையைத்தான் யாழ்ப்பாணத்தில் சின்னமுத்து என்போம், சிங்களத்தில் சரம்ப என்பார்கள். உடம்பு முழுக்கச் சிவந்த பொரி, கண்ணெரிவு, இருமல். சாதாரணப் பிள்ளை படுத்து எழும்பிவிடும். எங்கள் வாட்டில் இருந்த பிள்ளைகளில் பலர் சாதாரணப் பிள்ளைகள் அல்ல. பெரிய டாக்டர் வாட்டை மூடினார். பார்க்க வருகிறவர்கள் யாரும் உள்ளே வரக் கூடாது. உள்ளே இருக்கிற தாய் வெளியே போனால் திரும்பி வரக் கூடாது. வீட்டில் சின்னமுத்து இருந்தால் வாசற்படியைக்கூட மிதிக்கக் கூடாது.

வாட்டை மூடிச் சில நாட்களில் பன்விலத் தோட்டத்து அலுவலகமான கந்தோரிலிருந்து கிளாக்கர் டெலிபோன் எடுத்தார். அந்தப் பிள்ளையின் தாய் வீட்டில் விட்டுவந்த கைக்குழந்தைக்குச் சின்னமுத்து. கண் திறக்கவில்லை, பால் குடிக்கவில்லை. தாய் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மகளின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"தம்பிக்கு மேலுக்கு முடியல. நான் போயிட்டு வெரசா வந்துர்றேன்."

"போயிட்டு வாங்க," என்றாள் பிள்ளை. "நான் மிஸ்ஸிகூட இருப்பேன்."

வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று நான் தாய்க்கு ஏற்கனவே சொல்லியிருந்தேன். அவளுக்கு அது தெரிந்திருந்தும் அப்படிச் சொன்னாள். வேறெதைச் சொல்வாள்?

அதற்குப் பிறகு தகப்பன் வந்தார். சின்னமுத்து உள்ள வீட்டிலிருந்து வந்தவர் என்பதால் அவருக்கும் அனுமதி இல்லை. சிஸ்டர் பிள்ளையின் கட்டிலை யன்னலோரத்துக்கு மாற்றினார். கண்ணாடிக் கதவைத் திறக்கவில்லை. தகப்பன் வெளியே பூச்செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு கண்ணாடிக்குள்ளால் மகளைப் பார்ப்பார். பகலெல்லாம் அங்கே நிற்பார், ஊரடங்கு தொடங்குவதற்கு முன் நகரத்துக் கோயில் மடத்துக்குப் போய்ப் படுப்பார். சாப்பிட்டாயா என்று கையால் கேட்பார். பிள்ளை தலையாட்டுவாள். அவள் சாப்பிட்டிருக்க மாட்டாள். அவர் என்னைப் பார்ப்பார். நானும் ஏதோ ஒரு மாதிரித் தலையாட்டுவேன்.

ஒரு காலை, வாட்டைச் சுற்றிப் பார்த்து முடிந்ததும், அவளுடைய கட்டிலடியில் நின்று பெரிய டாக்டர் சிங்களத்தில் என்னிடம் சொன்னார்.

"இனி இரத்தம் ஏற்றுவதில் பிரயோசனம் இல்லை. ஊசிகளை நிறுத்துவோம். நோகாமல் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான். கொஞ்ச நாள்தான் இருப்பாள். தகப்பனுக்குச் சொல்லிவிடுங்கள்."

பிள்ளை கண்ணாடிப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வெளியே தகப்பன் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எதைச் சத்தமாகச் சொல்வது?

"டாக்டர், நீங்களே வந்து சொல்லுங்கள்," என்றேன். "நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்கிறேன். உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் அவர் நம்புவார்."

ஒரு தாதி அப்படிச் சொல்வது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. சிஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பெரிய டாக்டர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கழுத்தில் கிடந்த குழாயைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"சரி. எங்கே பேசலாம்?"

வாட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில் ஒரு சீமெந்துக் கட்டு இருந்தது. மூன்று பேரும் அங்கே போனோம். டாக்டர் உட்கார்ந்தார். தகப்பன் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்கோ," என்றேன்.

"பரவாயில்லீங்க."

டாக்டர் தன் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். அவர் ஓரமாக உட்கார்ந்தார். தோட்டத்தில் துரைக்கு முன்னால் உட்காராத மனிதர். டாக்டர் தன்னைப் பக்கத்தில் உட்கார வைத்ததிலேயே அவருக்குப் பாதி விளங்கியிருக்க வேண்டும்.

டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை தகப்பனையே பார்த்துக்கொண்டிருப்பார். நோய் திரும்பி வந்துவிட்டது. இந்தமுறை மருந்துக்கு அடங்கவில்லை. இனி எந்த மருந்துக்கும் அடங்காது. சுகமாகாது.

"சுகமாகாதுன்னா?" என்று தகப்பன் கேட்டார். என்னைக் கேட்கவில்லை, டாக்டரைத்தான் கேட்டார்.

நான் அதைச் சிங்களத்தில் சொல்லத் தேவையிருக்கவில்லை. டாக்டர் புரிந்துகொண்டார். "பிள்ளை செத்துப்போகும்" என்று சிங்களத்தில் சொன்னார். போய்விடும், தங்காது, கடவுளிடம் சேர்ந்துவிடும் என்றெல்லாம் சொல்ல எங்களிடம் எத்தனையோ பேச்சு இருக்கிறது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நானும் அவர் சொன்னதையே சொன்னேன்.

தகப்பன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். காயப்போட்ட வெள்ளைத் துணிகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. டாக்டர் எழுந்து போகவில்லை.

"வலி இருக்குமாங்க?"

"வலி வராமல் பார்ப்பதுதான் இனி என் வேலை," என்றார் டாக்டர்.

"எத்தன நாளைக்கிங்க?"

"நாள் சொல்ல எனக்குத் தெரியாது. மாதங்கள் இல்லை."

அவர் தலையாட்டினார். பிறகு, "இத நான் போயி அதோட அம்மாகிட்ட சொன்னா நம்பாதுங்க. நான்தான் சரியா கேக்காம வந்துட்டேன்னு சண்ட புடிக்கும். ஐயா சொல்லணும். என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லணும்," என்றார்.

அன்று பகலே டாக்டரின் அறையிலிருந்து தோட்டத்துக் கந்தோருக்கு டெலிபோன் எடுத்தோம். மலையில் கொழுந்து பறிப்பவர்கள் யாரோ ஓடிப்போய்த் தாயைக் கூட்டிவந்தார்கள். லைன் இரைந்தது. ரிசீவரை நான் பிடித்துக்கொண்டேன். டாக்டர் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் காதுக்கருகே ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். முகம் பார்க்காமல் சொல்வது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. அவள் உட்கார்ந்திருக்கிறாளா, நிற்கிறாளா, பக்கத்தில் யாராவது பெண்கள் இருக்கிறார்களா, கேட்டது விளங்கியதா, எதுவுமே தெரியவில்லை. இரைச்சல் மட்டும் வந்தது.

"நான் சொன்னது விளங்கினதே?" என்று கேட்டேன்.

"வெளங்குச்சு மிஸ்ஸி."

மறுபடி இரைச்சல். பிறகு அவள் கேட்டாள்.

"இப்ப அது பக்கத்துல யாரு இருக்கா?"

"சிஸ்டர் நிக்கிறா. நானும் இப்ப போயிடுவன்."

"சிஸ்டருக்குத் தமிழ் தெரியாதே."

அவள் சொன்னதை அப்படியே டாக்டருக்குச் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு, "அவளுக்குச் சின்ன வயதில் சரம்ப வந்ததா என்று கேளுங்கள்," என்றார்.

"உங்களுக்குச் சின்னமுத்து வந்ததோ? சின்னனில?"

"அது என்னான்னு தெரியலியே மிஸ்ஸி."

"சின்னவனுக்கு வந்திருக்கே, அதுதான். உடம்பெல்லாம் பொரிப்பொரியாய், கண் சிவந்து…"

"மணல்வாரியா? அது எனக்குப் போட்டுருச்சே. ஆளு எண்ணுற பெரட்டுக் களத்துப் பக்கத்து லயத்துல இருக்கையில எனக்கும் எங்கக்காவுக்கும் சேந்தாப்புல போட்டுச்சு. வேப்பெல வச்சுப் படுக்க வச்சாங்க."

மணல்வாரி. அந்தச் சொல்லை அன்றுவரை நான் கேட்டதில்லை. டாக்டரிடம் திரும்பி, வந்திருக்கிறது என்றேன். ஒருமுறை வந்தவளுக்கு மறுபடி வராது. குளித்து, உடுப்பை மாற்றிக்கொண்டு வந்தால் பிள்ளையிடம் போகலாம் என்றார் அவர். மற்றத் தாய்மார் கேள்வி கேட்பார்கள் என்று சிஸ்டர் தயங்கியபோது, "என்னிடம் அனுப்புங்கள், நான் விளக்கம் சொல்கிறேன்," என்றார். விறாந்தையின் கடைசியில் தனியாக ஒரு சிறிய அறை இருந்தது. பிள்ளையை அங்கே மாற்றச் சொன்னார்.

தாய் வரலாம். ஆனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? நோய் உள்ள பிள்ளையைத் தூக்க லயத்தில் ஒருவரும் முன்வரவில்லை. தகப்பன்தான் போக வேண்டும். அவரையும் சின்னமுத்து வந்ததா என்று கேட்டோம். சிறு வயதிலேயே தாயை இழந்தவர், அவருக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்ல யாரும் உயிரோடு இல்லை. ஆகவே தாய் உள்ளே வர வேண்டுமானால் தகப்பன் இப்போதே விடைபெற வேண்டும். இதையும் டாக்டர் அவரிடம் நேரேயே சொன்னார். திரும்பி வரும்போது பிள்ளை இருக்குமா என்று தெரியாது என்பதையும் சொன்னார்.

அவர் யன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பொம்பளப் புள்ள. அம்மா இருந்தாத்தான் நல்லதுங்க."

சிஸ்டர் யன்னலின் ஒரு கதவை அன்று மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டார். தகப்பன் ஒரு துணியால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

"அம்மா வரப்போவுது கண்ணு. நான் போயி தம்பியப் பாத்துக்கிறேன்."

"அம்மா எப்ப வரும்?"

"நாளைக்கு. நடந்தாச்சும் வந்துரும்."

"அப்ப நீங்க போயிட்டு வாங்க."

"போயிட்டு வாறேன்."

துணிக்கு மேலே அவருடைய கண்கள் சிரித்தன. பிள்ளையும் சிரித்தாள். கையை அசைத்தாள். அவர் பூச்செடிகளைத் தாண்டி, சுவரோரமாகப் போய், மூலையில் திரும்பினார். அன்றைக்குப் பஸ் இல்லை. வத்தேகம வழியாகப் பன்விலைக்கு அவர் நடந்துதான் போயிருக்க வேண்டும்.

மறுநாள் தாய் வந்தாள். பாதித்தூரம் நடந்து, மீதியைத் தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறியில் வந்திருந்தாள். குளியலறைக்குக் கூட்டிப் போனேன். அவள் உடுத்தி வந்த சேலையைத் தனியாகக் கட்டி வைத்தோம். மாற்றுக்குக் கொடுக்க ஆஸ்பத்திரியில் துணி இருக்கவில்லை. சிஸ்டர் தன் அலுமாரியிலிருந்து ஒரு நீலச் சேலையை எடுத்துத் தந்தார். ஈரத் தலையோடு அவள் அந்த அறைக்குள் போனபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அவள் கட்டிலில் ஏறி மகளை மடியில் போட்டுக்கொண்டாள். பிள்ளை சேலையைத் தொட்டுப் பார்த்தாள். "இது யாரோடது?" என்று கேட்டாள். தம்பி கண்ணைத் திறந்துவிட்டான், கஞ்சித் தண்ணி குடிக்கிறான் என்று தாய் சொன்னாள். அது உண்மைதான். குழந்தை தேறிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் நான் வெப்பமானி வைக்கப் போனபோது தாய் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். தாய் என் கையைப் பிடித்தாள்.

"மிஸ்ஸி, இதுகிட்ட யாரு சொன்னது?"

"என்னத்தை?"

"எல்லாம் தெரிஞ்சிருக்கு. சாகப் போறது தெரிஞ்சிருக்கு. பெரிய டாக்டரு கட்டில் பக்கத்துல நின்னு மிஸ்ஸிகிட்ட சொன்னப்ப கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சாம்."

நான் திகைத்துப்போனேன். சிங்களத்தில் அல்லவா சொன்னார் என்றேன்.

"அதுக்குச் சிங்களம் நல்லா வெளங்குமாம். ரயில்ல சனங்க பேசுறதக் கேட்டுக் கேட்டு. கொழும்புல பக்கத்துக் கட்டில்ல இருந்த புள்ளகூட வெளயாடி." அவள் தூங்கும் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "அவங்க அப்பா போறப்பவே தெரியுமாம் மிஸ்ஸி. 'அப்பா சிரிச்சாரு, அதான் நானும் சிரிச்சேன்'னு சொல்லுது."

ரயிலில் வாயை மூடிக்கொண்டு வந்த அந்தப் பிள்ளை காதை மூடிக்கொள்ளவில்லை. ஒரு வருடமாக எங்கள் எல்லோருடைய பேச்சும் அவளுக்கு விளங்கியிருக்கிறது. விளங்கியும், தகப்பன் பயப்படுவார் என்பதால், தெரியாதவள் போலவே இருந்திருக்கிறாள்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதிரையில் பின்னால் சாய்ந்தார். அன்றிலிருந்து அவர் அந்த அறைக்குப் போனால் கட்டிலடியில் நிற்பதில்லை. விளிம்பில் உட்கார்ந்து பிள்ளையிடம் நேரே சிங்களத்தில் பேசுவார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தாய்க்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லச் சொல்வார். வலிக்கு மோர்பின் கிடைப்பது அப்போது சிரமம். அவர் எங்கோ பேசி, யாரையோ பிடித்து, போதுமான அளவு வரவழைத்தார். அந்த நாட்களில் பிள்ளை வலி என்று அழுது நான் காணவில்லை. பெரும்பாலும் தூங்கினாள். விழித்தால் தம்பியைப் பற்றிக் கேட்டாள்.

மழை பெய்த ஒரு முற்பகலில் அவள் போனாள். தாயின் மடியில்தான் இருந்தாள். மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வந்தது, பிறகு வரவில்லை. தாய் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். அவள் அலறவில்லை. மகளின் குட்டை முடியைக் கையால் வாரிக்கொண்டே இருந்தாள். அறைக்கு வெளியே நின்ற சிஸ்டர்தான் வாய்விட்டு அழுதார்.

தோட்டத்துக்கு டெலிபோன் எடுத்தபோது நான் சொல்கிறேன் என்றேன். தாய் வேண்டாம் என்றாள். ரிசீவரை வாங்கி, தகப்பன் வந்ததும், "நான்தான்," என்றாள். பிறகு, "போயிருச்சு. நோவு இல்லாமத்தான் போச்சு. நான் கூட்டிக்கிட்டு வாறேன்," என்றாள். அவ்வளவுதான்.

ஊரடங்கு காரணமாக வேலையாட்களை ஏற்றிவர வத்தேகமப் பக்கம் போகும் அம்புலன்ஸில் அவர்களை ஏற்ற டாக்டர் ஏற்பாடு செய்தார். என்னையும் கூடப் போகச் சொன்னார். வாட்டில் ஆள் குறைவாயிற்றே என்றேன். "நீங்கள் போக வேண்டும்," என்று மட்டும் சொன்னார்.

வழியில் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். ஒரு இளம் சிப்பாய் பின்கதவைத் திறந்து பார்த்தான். நீலச் சேலை கட்டிய பெண்ணும் அவள் மடியில் போர்த்திய பிள்ளையும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போகிறோம், செத்துவிட்டது என்று நான் சிங்களத்தில் சொன்னேன்.

"சரம்பயா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தான்.

இல்லை என்று சொல்வதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

தோட்டத்துப் பாதையின் முனையில் தகப்பன் நின்றார். தோளில் கைக்குழந்தை. அதன் முகத்தில் பொரிகள் கறுத்து உதிர்ந்துகொண்டிருந்தன. அவர் பிள்ளையைப் போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பார்த்தார். கைக்குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு மகளை வாங்கிக்கொண்டார். லயத்துச் சனங்கள் சின்னமுத்துக்குப் பயந்து தூரத்தில் நின்றார்கள். பிறகு ஒரு கிழவர் வந்தார், அவர் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். தேயிலைச் சரிவுக்கு மேலே, சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் அன்று பின்னேரமே அடக்கம் செய்தார்கள். அம்புலன்ஸ் திரும்ப வேண்டியிருந்ததால் நான் மண் போடும்வரை நிற்கவில்லை.

சின்னமுத்து அடங்கி, வாட்டைத் திறந்து, மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் தகப்பன் தனியாக வந்தார். சிஸ்டரின் சேலையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். சிஸ்டர் அதை வாங்க மறுத்தார். தகப்பன் போகாமல் நின்றார்.

"மிஸ்ஸி, ஒண்ணு கேக்கணும். அந்த ரூம்ல டாக்டரய்யாவும் புள்ளயும் நெறைய பேசுனாங்களாம். சிங்களத்துல பேசுனதால அதோட அம்மாவுக்கு வெளங்கல. மிஸ்ஸியும் அப்ப இல்லயாம். புள்ள என்னா பேசுச்சுன்னு தெரிஞ்சிக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

டாக்டர் வெளிநோயாளர் பகுதியில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கை கழுவிக்கொண்டு வந்து, தன் அறையில் அவரை உட்கார வைத்தார். ஞாபகப்படுத்திப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

ஊசி இனிப் போடமாட்டீர்கள்தானே என்று கேட்டிருக்கிறாள். இந்த நோய் தம்பிக்கும் வருமா என்று கேட்டிருக்கிறாள். வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். செத்த பிறகு அம்மாவோடு வீட்டுக்கு யார் போவார்கள் என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குச் சிங்களம் வராது, வழியில் ஆமிக்காரர்கள் மறித்தால் பதில் சொல்லத் தெரியாது, மிஸ்ஸியை அனுப்புவீர்களா என்று கேட்டிருக்கிறாள். அனுப்புவேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இது எனக்கும் அப்போதுதான் தெரியும். சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டேன். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பிறகு மீதியைச் சொன்னேன்.

தகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னயப் பத்தி ஏதாச்சும் கேட்டுச்சாங்க?"

டாக்டர் யோசித்தார். சொல்வதற்கு எதையாவது தேடியிருக்கலாம். அவர் தேடவில்லை. தலையை அசைத்து, "இல்லை," என்றார். "உங்களைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை."

நானும் அதை அப்படியே சொன்னேன்.

தகப்பன் அதைக் கேட்டுக்கொண்டார். மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாசைப் பார்த்தபடி இருந்தார்.

"சரிங்க," என்றார் பிறகு. "என்னயப் பத்திக் கவலப்பட வேணாம்னு நெனச்சிருக்கும்."

அதை நான் சிங்களத்தில் சொன்னேன். டாக்டர் எழுந்து அவரோடு வாசல்வரை நடந்தார். பன்வில பஸ் அன்று ஓடியது.